மூச்சு நெஞ்சு நிறைய வரவில்லையா? லெஸ்டர் தங்கைக்கு

தங்கச்சி, படிக்க வந்த சில வாரங்களாக மூச்சு பாதியிலேயே நின்றுவிடுகிறது, கொட்டாவி விட்டால்தான் கொஞ்சம் திருப்தியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். டாக்டரிடம் போனால் விசாவுக்குச் சிக்கல் வருமா என்றும் கேட்டிருந்தாய். இங்கே இங்கிலாந்தில் எனக்கும் முதல் குளிர்காலத்தில் இதே தொந்தரவுதான். இன்றும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட விமானப் பயணம் செய்து வந்தவள் நீ. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தலோ, இருமலில் ரத்தமோ, திடீர் மூச்சுத்திணறலோ இருந்தால் அவசர உதவி எண் 999-ஐ அழை. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஜிபி-யிடம் (பகுதிப் பொது மருத்துவரிடம்) போ. டாக்டரைப் பார்ப்பதால் விசா போகாது. விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணத்தில் இது அடக்கம். ஜிபி-யிடம் பெயரைப் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயமில்லை. ரத்தச் சோகை, தைராய்டு, ஆஸ்துமா, இதயம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல். நம் பெண்களுக்கு ரத்தச் சோகை சாதாரணமாக இருக்கும், அதை விட்டுவிடாதே.

உன் அறையையும் பார். அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறதா? துணியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காயப்போட்டு ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் அது வரும். கேஸ் பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் வைப்பது 2022 அக்டோபரிலிருந்து வீட்டுக்காரரின் சட்டக் கடமை. வீட்டில் எல்லாருக்கும் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே வெளியேறிப் புகார் செய்.

எனக்கு எல்லாப் பரிசோதனையும் நார்மல். அதற்காக அது என் கற்பனை என்று ஆகிவிடாது, மூச்சு முட்டியது நிஜம். பிசியோதெரபிஸ்ட் என் ஒரு கையை நெஞ்சிலும் மற்றொன்றை வயிற்றிலும் வைக்கச் சொன்னார். நெஞ்சில் இருந்த கை மட்டும்தான் ஏறி இறங்கியது. கவலையும் குளிரும் சேர்ந்து மேல் நெஞ்சாலேயே வேகமாக இழுக்கும் பழக்கம் வந்திருந்தது. காற்றைச் சரியாக வெளியே விடாமல் மறுபடி இழுத்தால், நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றும் கதைதான். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து கை மரத்துப்போகும், தலை சுற்றும், பயம் கூடும், இன்னும் வேகமாக இழுப்போம்.

அதனால் ஆழமாக இழுக்க முயலவே முயலாதே. வாயை மூடி, மூக்கால் மெல்லச் சிறிதாக இழு, இழுத்ததைவிட நீளமாக விடு. அது திருப்தியில்லாமல்தான் இருக்கும், ஆனாலும் தொடர். கேம்பிரிட்ஜ்ஷயரின் பாப்வொர்த் மருத்துவமனையில் 1960-களில் உருவான பயிற்சியும் கிட்டத்தட்ட இந்த வழிதான். எனக்குப் பெருமளவு குணமாகச் சில மாதங்கள் ஆயின.

தூங்கும்போதும், தோழிகளோடு பேச்சில் மூழ்கியிருக்கும்போதும் இது இல்லையா, மாடி ஏறினால் கூடுகிறதா என்று கவனித்து எழுதி வை. டாக்டருக்கு அது உதவும். திங்கட்கிழமை காலை 8 மணிக்கே போன் செய், நேரம் தாண்டினால் அப்பாயிண்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம்.