பூக்கல் பட்டறைக்கும் ஷோரூமுக்கும் ஒரே தேடல்: ஆளுக்கேற்ற வரிசையில் பதில் வர என்ன செய்யணும்?

கேள்வி இது: ஆத்தங்குடியில் பூக்கல் (பூ டிசைன் போட்ட சிமெண்ட் தரைக்கல்) பட்டறை, காரைக்குடியில் ஷோரூம், சென்னையில் விற்பனை ஆட்கள், மொத்தம் 25 பேர். ரேட், கலவைக் குறிப்பு, டிசைன் படம் எல்லாம் ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் கிடக்கின்றன. அவரவர் வேலைக்கு வேண்டியது முதலில் வருகிற மாதிரி தேடல் அமைக்க முடியுமா?

முடியும். ஆனால் ஆளுக்கேற்ற வரிசை கடைசி வேலை. முதலில் எழுத்தைச் சரிசெய்யுங்கள். பழைய கொட்டேஷன்கள் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் அடித்தவை என்றால், திரையில் 'சிமெண்ட்' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறிகள். எந்தத் தேடலிலும் சிக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியே ஆகணும். யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றினால் தீரும். அச்சடித்த தாள்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளான டெசராக்டின் தமிழ் மாடலில் படிக்க வைக்கலாம். கையெழுத்துத் தாளில் அதை நம்ப வேண்டாம். தேதி, அளவு, டிசைன் பெயரை மட்டும் கையால் அடித்துவிடுங்கள்.

அடுத்து விகுதி. கல், கல்லை, கற்கள் மூன்றும் ஒன்றென்று தேடலுக்குத் தெரியாது. ஸ்னோபால் என்ற மென்பொருள் தொகுப்பில் தமிழ் ஸ்டெம்மர் (விகுதியை வெட்டி அடிச்சொல்லை எடுப்பது) இருக்கிறது, ஆனால் புணர்ச்சி மாற்றங்கள் எல்லாம் அதற்குப் பிடிபடாது. அதனால் பூக்கல், ஆத்தங்குடி கல், டைல், டைல்ஸ் என்று ஒருபொருள் பட்டியல் ஒன்று கையால் போடணும். தேடல் மென்பொருள் எலாஸ்டிக்சர்ச் என்றால், சொல் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடும் அதன் பிஎம்25 சூத்திரத்தின் இரண்டு எண்களையும் இயல்பு நிலையிலேயே (1.2, 0.75) விட்டுவிடுங்கள்.

இப்போது ஆளுக்கேற்ற வரிசை. ஒருவரைப் பற்றி மூன்று விவரம் போதும்: என்ன வேலை, எந்த இடம், கடந்த 30 நாளில் திறந்த ஆர்டர்கள். 'சிவப்பு 10 அங்குலம்' என்று அடித்தால் ஷோரூம்காரருக்கு ரேட்டும் இருப்பும் மேலே வரணும், பட்டறைக்காரருக்குச் சிவப்பு ஆக்சைடு கலவை வரணும். சொல் பொருத்தத்தின் மதிப்பெண்ணை இந்த விவரங்களை வைத்து 1.3 மடங்குவரை உயர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். மீறினால் அடித்த சொல்லைவிட ஆளின் பழக்கம் பெரிதாகி, புது டிசைன் கண்ணிலேயே படாது. எது கிளிக் ஆனது என்பதை மட்டும் வைத்தும் கற்பிக்காதீர்கள். மேலே இருப்பதாலேயே கிளிக் விழும். திறந்த பிறகு அதே தேடலைத் திரும்ப அடிக்கவில்லை என்றால் மட்டும் கணக்கில் சேருங்கள்.

அடக்கவிலை, லாப விகிதம் எல்லார் கண்ணுக்கும் போகக்கூடாது. அனுமதி வடிகட்டல் தேடலுக்குள்ளேயே நடக்கணும். முடிவு வந்தபிறகு மறைத்தால், தலைப்பை மறைத்தாலும் '3 முடிவுகள்' என்ற எண்ணிக்கை காட்டிக் கொடுத்துவிடும்.

பணநஷ்டம் தருவது பெரும்பாலும் பழைய ரேட்தான். ஒவ்வொரு ரேட் தாளிலும் 'எதுவரை செல்லும்' என்று ஒரு கட்டம் வையுங்கள். தேதி தாண்டியது தானாகக் கீழே இறங்கணும்.

மேஸ்திரியின் கைப்பக்குவம் கோப்பில் இருக்காது. வாய்ஸ் நோட்டை அப்படியே ஏற்றினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஐந்து வரியில் எழுதுங்கள்: என்ன கோளாறு, ஏன், எப்படிச் சரிசெய்வது, யாரிடம் கேட்பது, எழுதிய தேதி. உதாரணமாக, 'கல்லில் வெடிப்பு: நேர்வெயிலில் காய்ந்தது அல்லது தண்ணீரில் ஊறியது போதவில்லை.' அந்தக் காலத்தில் பர்மாவில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் மூன்று வருடக் கணக்கு முடிந்து அடுத்த ஏஜெண்டிடம் பொறுப்பை ஒப்படைத்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல.

பதிலே வராத தேடல்களைத் தனியாகச் சேமித்து, சனிக்கிழமைதோறும் ஒருவர் பார்க்கட்டும். பாதி ஒருபொருள் பட்டியலில் சேரவேண்டிய சொல்லாக இருக்கும். மீதி யாரும் இன்னும் எழுதிவைக்காத குறிப்பு.