விஹ்தா குளிர்காலம் வரை தாங்க: வாசகர் கேள்வி-பதில்

பின்லாந்தில் நடுக்கோடை விழாவான யுஹான்னுஸை ஒட்டிப் பிர்ச் மரக் கொப்புகளை இலையோடு வெட்டி, சௌனா என்ற நீராவிக் குளியல் அறையில் உடம்பைத் தட்டிக்கொள்ளக் கட்டு கட்டுவார்கள். மேற்கில் அதன் பெயர் விஹ்தா, கிழக்கில் வஸ்தா. எது சரி என்ற பழைய சண்டைக்குள் போகாமல், அதைச் சேமிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்.

காயவைத்த விஹ்தாவை இரண்டு தட்டு தட்டியதும் இலையெல்லாம் கொட்டிவிடுகிறது. ஏன்?

பிழை பெரும்பாலும் உலர்த்தியதில் இல்லை, வெட்டிய நாளில்தான். தெற்குப் பின்லாந்தில் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை நல்ல காலம். அதற்கு முன் இலை பிஞ்சு; காய்ந்தால் சுருண்டுவிடும். கோடை முதிர முதிர மரம் இலையை உதிர்க்கத் தயாராகிவிடும், காம்பின் அடியில் பிடிமானம் தளர்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு பக்குவமாக உலர்த்தினாலும் பயனில்லை. வெட்டும் முன் ஒரு கொப்பைப் பிடித்துப் பலமாக உதறிப் பாருங்கள். இலை விழுந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

எந்த பிர்ச் நல்லது?

வெள்ளி பிர்ச். இளங்கொப்பைத் தடவினால் சிறு பருக்கள் போலச் சொரசொரக்கும். இன்னொரு வகையின் கொப்பில் மென்மையான ரோமம் இருக்கும். அதிலும் கட்டலாம், எங்கள் ஓட்டு முதலாவதற்கே. காட்டில் பெர்ரியும் காளானும் யாரும் பறிக்கலாம் என்ற பின்லாந்து உரிமை, உயிருள்ள மரத்தின் கிளைக்குப் பொருந்தாது. நில உரிமையாளரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

உலர்த்தும்போது உள்பக்கம் கறுத்து, புழுங்கிய வாடை வந்துவிட்டது.

ஈரத்தோடு கட்டியிருப்பீர்கள், அல்லது கட்டு மிகப் பருமன். மழைக்கும் பனிக்கும் பிறகு இலை நன்றாக உலரும் வரை பொறுங்கள். சுமார் 50 செ.மீ. நீளக் கொப்புகள், கைப்பிடிக்காக அடிப்பக்கத்தில் 10 முதல் 15 செ.மீ. வரை இலை உருவியது, ஒரு கைக்குள் அடங்கும் பருமன்: இவ்வளவு போதும். இரண்டிரண்டாகப் பிணைத்து, காற்றோட்டமுள்ள இருட்டுப் பரணில் கொடியின் இருபுறமும் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயில் பட்டால் பச்சை வெளுத்து, மணமும் போய்விடும். சௌனா அறைக்குள்ளேயே தொங்கவிடுவது அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நீராவி குடித்து, மறுபடி காய்ந்து, கடைசியில் பொடிந்துவிடும்.

காயும்போது தண்டு மெலியும், கட்டும் தளரும். ஆகவே ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்குங்கள்.

காயவைப்பதா, உறையவைப்பதா, உப்பிலிடுவதா?

இடம் இருந்தால் உறைபெட்டிதான். வெட்டிய அன்றே பையில் போட்டு, காற்றைப் பிழிந்து வெளியேற்றி, -18 டிகிரியில் வைத்தால் நிறமும் மணமும் புதியது போலவே இருக்கும். உறைந்த நிலையில் மட்டும் வளைக்காதீர்கள். இலை கண்ணாடி போல நொறுங்கும். நேராக வெதுவெதுப்பான நீரில் இறக்குங்கள், சில நிமிடத்தில் இளகிவிடும். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம்.

உப்பிலிடுவது பழைய வழி. தொட்டியில் ஒரு அடுக்கு விஹ்தா, ஒரு தூவல் கல்லுப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பாரம் வைத்துக் குளிர்ந்த நிலவறையில் வைப்பார்கள். குளிக்கும் முன் நன்றாக அலசாவிட்டால் கண்ணும் கீறலும் எரியும்.

காய்ந்ததை ஊறவைக்க கொதிநீர் ஊற்றலாமா?

கூடாது, இலை வெந்து கூழாகும். முதலில் குளிர்ந்த நீரில் முக்கித் தூசியை அலசுங்கள். பிறகு கை பொறுக்கும் சூட்டில் 15 முதல் 30 நிமிடம், இலைப்பக்கம் முழுவதும் மூழ்கும்படி வையுங்கள். காம்பு வளைந்தால் பக்குவம் வந்துவிட்டது. ஊறிய நீரை வடிகட்டி அடுப்புக் கற்களில் கொஞ்சம் ஊற்றினால் பிர்ச் மணம் அறை முழுக்கப் பரவும். வடிகட்டாமல் ஊற்றினால் இலைத்துணுக்கு கல்லில் ஒட்டிக் கருகி, கிடைப்பது புகை வாடைதான்.

குளித்து முடித்த விஹ்தாவை மறுநாளும் எடுக்கலாமா?

அலசி, உதறி, குளிரான இடத்தில் வைத்தால் எடுக்கலாம். இலை வழவழத்தாலோ புளித்த வாடை அடித்தாலோ உரக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.