பெரியப்பா லண்டனில், பணம் யார் கணக்கில்? வங்கதேச மாணவியின் பிரிட்டன் விண்ணப்பம்

கேள்வி: நான் திருப்பூர்க்காரன். டாக்காவில் உத்தரா பகுதியில் குடியிருந்துகொண்டு காஜிப்பூரில் ஒரு பின்னலாடை ஆலையில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் வங்கதேச நண்பரின் மகள் இங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறாள். சிஜிபிஏ 3.21. இங்கிலாந்தில் ஒரு வருட எம்.எஸ்சி.க்கு, செப்டம்பர் சேர்க்கைக்கு அனுப்ப நினைக்கிறார்கள். பெண்ணின் பெரியப்பா லண்டனில் இருக்கிறார். பணத்தைத் தன் கணக்கிலேயே காட்டிவிடலாம், தங்குவதும் தன் வீட்டில்தான் என்கிறார். ஏஜென்ட் ஒருவரோ, "பேங்க் ஸ்டேட்மென்ட்டும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்கிறார். என் மகனை இந்தியாவிலிருந்து அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. அதே வழி இங்கே ஒத்துவருமா?

பதில்: பல்கலைக்கழகத்தில் இடம் வாங்குவது வரை ஏறக்குறைய ஒத்துவரும். பணத்தைக் காட்டுவதும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் வேறு கதை. இந்த மாணவியின் மதிப்பெண்ணுக்கு ஆஃபர் லெட்டர் கிடைப்பது பெரிய காரியமில்லை. பிரிட்டனில் நடுத்தரப் பல்கலைகள் பல, 4-க்கு 3.0 சுற்றுவட்டாரத்திலேயே எம்.எஸ்சி.க்கு எடுத்துக்கொள்கின்றன. விசா மறுக்கப்படுவது பெரும்பாலும் பணம் யார் பெயரில், எத்தனை நாள் இருந்தது என்பதில்தான். அதனால் பணத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பெரியப்பாவின் கணக்கு செல்லாது. மாணவியின் சொந்தக் கணக்கு, அல்லது அப்பா அம்மாவின் கணக்கு (சட்டப்படியான காப்பாளர் இருந்தால் அவருடையது) மட்டுமே ஏற்கப்படும். பெரியப்பா, மாமா, அண்ணன் எவ்வளவு வசதியானவர்களாக இருந்தாலும், லண்டனிலேயே வீடு வைத்திருந்தாலும், அவர்கள் பெயரில் உள்ள ஸ்டேட்மென்ட்டை விசா அதிகாரி கணக்கில் எடுக்க மாட்டார். வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கம் வீட்டுக்கு ஒருவர் லண்டனில் இருப்பதால், அங்கிருந்து போகும் விண்ணப்பங்களில் இந்தத் தவறு சர்வசாதாரணம்.

அவர் உதவ முடியாது என்பதில்லை. பணத்தை வங்கி வழியாக நண்பரின் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து முறையான வழியில் வரும் பணத்துக்கு வங்கதேச அரசு 2022 ஜனவரியிலிருந்து 2.5 சதவீதம் ஊக்கத்தொகை கொடுக்கிறது. அதைவிட முக்கியம், பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கிச் சீட்டு கையில் இருக்கும். ஆலைச் சம்பளக்காரரின் கணக்கில் திடீரென்று நாற்பது லட்சம் நின்றால் கேள்வி வரும். அப்போது அந்தச் சீட்டும், பெரியப்பா எழுதிய ஒரு விளக்கக் கடிதமும் பதில் சொல்லும். ஹுண்டியில், அதாவது வங்கியைத் தவிர்த்துத் தனியாட்கள் மூலம், வந்த பணம் சட்டவிரோதம் என்பதோடு, மூலம் காட்டவும் வழியில்லாமல் செய்துவிடும்.

எவ்வளவு காட்ட வேண்டும்? முதல் ஆண்டுக் கல்விக் கட்டணத்தில் கட்டியது போக மீதி. அதோடு வாழ்க்கைச் செலவு, அதிகபட்சம் 9 மாதத்துக்கு. 2025 நவம்பரில் உயர்த்திய கணக்குப்படி லண்டனில் படித்தால் மாதம் 1,529 பவுண்டு, வெளியூரில் 1,171 பவுண்டு. 9 மாதத்துக்கு லண்டன் 13,761, வெளியூர் 10,539. கட்டணம் 16,000 பவுண்டு, முன்பணம் 5,000 கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்ப் பல்கலை என்றால் 21,539 பவுண்டு காட்ட வேண்டும். பவுண்டு 165 டாகா (வங்கதேச நாணயம்) என்றால் சுமார் 35 லட்சத்து 54 ஆயிரம் டாகா. அதே படிப்பு லண்டனில் என்றால் இன்னும் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல் வேண்டும். பெரியப்பா வீட்டில் வாடகையில்லாமல் தங்கினாலும் இந்தத் தொகையில் சலுகை கிடையாது. வீடு எங்கே என்பதும் பொருட்டில்லை, படிப்பு எங்கே நடக்கிறது என்பதே கணக்கு. வெளியூர்ப் பல்கலைகள் பல லண்டனில் கிளை வைத்திருப்பதால், ஆஃபர் லெட்டரில் எந்த வளாகம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டின் கடைசி நாளுக்கும் விசாக் கட்டணம் கட்டும் நாளுக்கும் நடுவில் 31 நாளுக்கு மேல் போகக் கூடாது. இடையில் ஒருநாள் ஒரு டாகா குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. வங்கி எடுக்கும் பராமரிப்புக் கட்டணமும், அரசு பிடிக்கும் எக்சைஸ் வரியும் இருப்பை விளிம்புக்குக் கீழே தள்ளிவிட்ட விண்ணப்பங்கள் உண்டு. மாற்று விகிதமும் விண்ணப்பிக்கும் நாளின் விகிதம்தான், ஓஆண்டா எனும் நாணய மாற்று விகிதத் தளத்தில் காட்டுவது. மேலே சொன்ன 21,539 பவுண்டுக்கு, 165 ஆக இருந்த விகிதம் 168 ஆனால் இன்னும் 64 ஆயிரம் டாகா தேவைப்படும். ஆகவே 5 சதவீதமாவது கூடுதலாக வைத்துவிட்டு, 28 நாளும் அந்தக் கணக்கைத் தொடாமல் விடுங்கள்.

எஃப்டிஆர் எனும் நிரந்தர வைப்பு, வேண்டும்போது எடுக்கக்கூடியதென்றால் செல்லும். நிலம், நகை, பங்கு, சஞ்சய்பத்ரா எனும் அரசு சேமிப்புப் பத்திரம் எல்லாம் வீட்டுக்குச் சொத்து, விசாவுக்கு ஒன்றுமில்லை. 'சால்வென்சி சர்டிபிகேட்' என்று வங்கி தரும் ஒற்றைத் தாளை மட்டும் வைத்து அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருப்பு 28 நாள் நின்றதை அந்தத் தாள் காட்டாது, ஸ்டேட்மென்ட் கட்டாயம். பிரிட்டன் தரப்பு வங்கியிடம் சரிபார்க்க முடிய வேண்டும். மத்திய வங்கியான பங்களாதேஷ் பேங்கின் கண்காணிப்பில், கணினிப் பதிவேடு வைத்திருக்கும் வங்கியாக இருப்பது அவசியம். சமிதி, கூட்டுறவுச் சங்கக் கணக்குகள் வேண்டாம்.

இப்போது அந்த ஏஜென்ட். அவர் சொல்லும் 'ஏற்பாடு' இரண்டு வகை. ஒன்று, வட்டிக்குப் பணம் போட்டுவிட்டு 28 நாள் கழித்து எடுத்துக்கொள்வது. இன்னொன்று, போலி ஸ்டேட்மென்ட் அடிப்பது. முதல் வகை, பல்கலை வைக்கும் நேர்காணலில் உடையும். இரண்டாவது வகை பிடிபட்டால் மறுப்போடு முடியாது, 10 ஆண்டு வரை பிரிட்டனுக்கு விண்ணப்பிக்க முடியாத தடையில் போய் நிற்கும். தண்டனை ஏஜென்ட்டுக்குப் போகாது, பெண்ணின் பெயரில் விழும். மாணவர் சேர்ந்தால் ஏஜென்ட்டுக்குப் பல்கலையே கமிஷன் கொடுக்கிறது. எனவே விண்ணப்பம் போட்டுத் தருவதற்காக மட்டும் பெரிய தொகை கேட்பவரிடம் போக வேண்டியதில்லை. விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டும், பதிவு செய்த மின்னஞ்சலும் மாணவியின் கையில் இருக்கட்டும்.

இந்தியாவில் நீங்கள் உங்கள் வங்கி வழியாகவே கட்டணத்தை அனுப்பியிருப்பீர்கள். வங்கதேசத்தில் அதற்கு 'ஸ்டூடண்ட் ஃபைல்' என்று மாணவர் பெயரில் வங்கியில் ஒரு பதிவைத் திறக்க வேண்டும். அன்னியச் செலாவணி கையாளும் ஏடி கிளையில் மட்டுமே திறப்பார்கள், பக்கத்துத் தெருக் கிளையில் கேட்டால் கைவிரித்துவிடுவார்கள். ஆஃபர் லெட்டர், கட்டண விவரம், பாஸ்போர்ட், எஸ்எஸ்சி (பத்தாம் வகுப்பு) முதல் பட்டம் வரையிலான சான்றுகள், மாணவி மற்றும் அப்பாவின் தேசிய அடையாள அட்டை, புகைப்படம், இவற்றைக் கேட்பார்கள். ஒரு மாணவருக்கு ஒரு வங்கியில் ஒரு ஃபைல்தான். மாற்ற வேண்டுமானால் பழையதை மூடிய சான்று வேண்டும். ஃபைல் திறந்து பணம் பல்கலையின் கணக்கில் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகலாம். முன்பணத்துக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை என்றால் புதன்கிழமை வங்கிக்குப் போய்ப் பயனில்லை, வெள்ளியும் சனியும் அங்கே வங்கி விடுமுறை என்பதும் கணக்கில் இருக்கட்டும். கட்டிய தொகை, சிஏஎஸ் எனப்படும் சேர்க்கை உறுதிச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் முழுக் கட்டணத்துக்கும் இருப்புக் காட்டு என்று நிற்பார்கள். அந்த நேரத்தில் பல்கலைக்கு மின்னஞ்சல் போட்டுத் திருத்திக்கொள்ளலாம்.

அடுத்து பெயர். இது சின்ன விஷயமாகத் தோன்றி மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். அப்பாவின் பெயர் எஸ்எஸ்சி சான்றில் 'முகமது' என்பதன் சுருக்கத்தோடும், வங்கிக் கணக்கில் சுருக்கம் இல்லாமலும், பிறப்புச் சான்றில் 'மியா' சேர்ந்தும் இருப்பதைப் பார்க்கலாம். பெற்றோரின் பணத்தைக் காட்டுகிறவர் பிறப்புச் சான்றையும் பெற்றோரின் சம்மதக் கடிதத்தையும் வைக்க வேண்டும். அங்கே பெயர் ஒட்டவில்லை என்றால் இவர்தான் அப்பா என்று நிரூபிக்கும் இணைப்பே அறுந்துபோகிறது. 17 இலக்க எண் உள்ள டிஜிட்டல் பிறப்புச் சான்றை ஆங்கிலத்திலும் எடுத்து, பாஸ்போர்ட், எஸ்எஸ்சி, எச்எஸ்சி (பன்னிரண்டாம் வகுப்பு), அப்பாவின் அடையாள அட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கல்வி வாரியத்தில் திருத்தம் என்றால் மாதங்கள் ஆகும், எனவே விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். வங்காளத்தில் உள்ள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவை. அதில் மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், மூலத்துக்குச் சரியானது என்ற உறுதி, ஐந்தும் இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் போதாது.

பல்கலை விண்ணப்பத்தில் சொல்ல அதிகமில்லை. பட்டமளிப்பு விழா தள்ளிப்போனால் மூலச் சான்று கிடைக்காது. ப்ரொவிஷனல் சான்றும் மதிப்பெண் பட்டியலும் ஆஃபருக்குப் போதும், ஆனால் சிஏஎஸ்ஸில் எந்த ஆவணத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்களோ அதையே விசாவுக்கும் வைக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் ஆசிரியர்கள் பல்கலையின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பட்டும். ஜிமெயிலிலிருந்து வரும் கடிதங்களைப் பல இடங்களில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் பொதுவாக 6.5, எந்தப் பிரிவிலும் 6.0-க்குக் குறையாமல். பட்டப்படிப்பு நிலைக்கு மேல் நேரடிச் சேர்க்கை என்றால் சாதாரண ஐஇஎல்டிஎஸ் போதும். மதிப்பெண் குறைந்து படிப்புக்கு முன் நடக்கும் ப்ரீசெஷனல் ஆங்கில வகுப்பில் சேர வேண்டி வந்தால், பிரிட்டன் விசாவுக்கென்றே உள்ள 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ' எழுதியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே வினாத்தாள் மாதிரிதான், ஆனால் யூகேவிஐ வகை கேட்கும் இடத்தில் சாதாரண வகை செல்லாது. அரை மதிப்பெண் இழுபறியில் இருப்பவள் என்றால் முதலிலேயே யூகேவிஐ வகையை எழுதிவிடுவது நல்லது. சில பொறியியல், அறிவியல் படிப்புகளுக்கு ஏடிஏஎஸ் எனும் பாதுகாப்பு அனுமதி கேட்பார்கள். தேவையா என்பது ஆஃபர் லெட்டரிலேயே இருக்கும், கட்டணமில்லை, ஆனால் வாரக்கணக்கில் நேரம் எடுக்கும்.

சிஏஎஸ் தருவதற்கு முன் பல்கலையே நேர்காணல் வைக்கிறது. விசா மறுப்பு விகிதம் வரம்பைத் தாண்டினால், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கப் பல்கலைக்கு உள்ள ஸ்பான்சர் உரிமமே ஆட்டம் காணும். 10 சதவீதமாக இருந்த இந்த வரம்பை 5 சதவீதமாகக் குறைப்பதாக 2025-ல் அரசு அறிவித்ததிலிருந்து வங்கதேச விண்ணப்பங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். எந்தப் பாடங்கள் படிக்கப் போகிறாய், டாக்காவிலேயே எம்.எஸ்சி. இருக்க இது ஏன், கட்டணம் எவ்வளவு, எவ்வளவு கட்டினாய், அப்பா என்ன வேலை, மீதிப் பணம் எங்கிருந்து என்பவை வழக்கமான கேள்விகள். ஏஜென்ட் கொடுத்த பதிலை ஒப்பித்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பாடத்திட்டத்தில் மூன்று பாடங்களை எடுத்து, இறுதி ஆண்டு ப்ராஜெக்ட்டோடு எப்படிச் சேர்கிறது என்று சொந்த வார்த்தையில் சொல்லப் பழகினால் போதும். பணத்தைப் பெரியப்பா அனுப்பினார் என்றால் அதையே சொல்லட்டும், மறைக்க ஒன்றுமில்லை.

காசநோய்ப் பரிசோதனையை மறந்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் வங்கதேசத்தவருக்கு இது கட்டாயம். பிரிட்டன் அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், வேறு மருத்துவமனை எக்ஸ்ரே செல்லாது. சான்று 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்து சளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவுக்கு இரண்டு மாதம் ஆகும். செப்டம்பர் படிப்புக்கு ஆகஸ்டில் போய் நிற்பது ஆபத்து, ஜூனிலேயே முடித்துவிடலாம்.

விசாவை, படிப்பு தொடங்க 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்குச் சாதாரணமாக 3 வாரம். கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆயிற்று. ஏப்ரலில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டதால் அன்றைய தொகையை அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவ சர்சார்ஜ் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புக்கு விசா முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய 17 மாதம் கொடுப்பதால் ஒன்றரை ஆண்டுக்கு, அதாவது 1,164 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். இதை விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். 28 நாள் இருப்பிலிருந்து எடுத்துவிடாமல் தனியாக ஒதுக்குங்கள்.

உதவித்தொகை கேட்டிருக்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், இப்போதுதான் பட்டம் முடித்தவளுக்கு ஒத்துவராது. 10,000 பவுண்டு தரும் கிரேட் ஸ்காலர்ஷிப், பல்கலைகள் தரும் கட்டணச் சலுகைகள் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

குடும்பத்தில் யாரும், "அங்கே போனதும் வேலை பார்த்துக் கட்டணத்தைக் கட்டிக்கொள்வாள்" என்று கணக்குப் போட்டிருந்தால் அதை இப்போதே கலைத்துவிடுங்கள். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. முதுகலை மாணவர்களுக்குக் கோடையும் விடுமுறை ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆய்வேடு எழுதும் காலம், அதுவும் படிப்புக் காலம்தான், அதே 20 மணி நேரம்தான். இதை அறியாமல் கோடையில் முழுநேரம் உழைத்து விசாவைச் சிக்கலாக்கிக்கொண்டவர்கள் உண்டு. பாடவழி எம்.எஸ்சி. மாணவர்கள் கணவரை உடன் அழைத்துப்போகும் வசதியும் 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. இனிமேல் செப்டம்பரில் சேரப் போகிறவள் அந்த 18 மாதக் கணக்கில்தான் வருவாள்.