பி.காம். படிக்கும் மகன் கோச் ஆக வேண்டும் என்கிறான்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

போன வாரம் நீங்களும் தம்பியும் வந்துபோன பிறகும் உங்கள் கேள்வி மனதிலேயே நிற்கிறது. "கோச் என்பதெல்லாம் ஒரு வேலையா சார்? விளையாடி முடித்தவர்கள் அப்புறம் செய்வதுதானே?" என்று கேட்டீர்கள். அடுத்து ஆள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது விரிவாக எழுதுகிறேன். தம்பியும் உடன் உட்கார்ந்து படிக்கட்டும்.

முதலில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஃபோன் பேச வெளியே போயிருந்தபோது, கல்லூரிக் கால்பந்து அணி ஏன் தோற்றது என்று அவனிடம் சும்மா கேட்டேன். மேசையில் இருந்த மார்க்ஷீட் ஜெராக்ஸைத் திருப்பிப் பதினொரு புள்ளி வைத்தான். இடது ஓரத்தில் நிற்கும் ஜூனியர் பையனுக்கு வலது கால்தான் வரும், அதனால் ஒவ்வொரு முறையும் பந்தைத் திருப்பித் திருப்பி நேரம் போகிறது, அவனை அங்கே நிறுத்தியதுதான் தப்பு என்று கோடு போட்டுக் காட்டினான். கால் மணி நேரம் பேசினான். தான் அடித்த கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தாளை நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அதைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் மிர்ச்சா லுச்செஸ்கு. ருமேனியாக்காரர், 1945-ல் புக்கரெஸ்டில் பிறந்தவர். தலைநகரின் பெரிய அணியான டினமோவின் முன்கள வீரர். 1970-ல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில், பெலேயின் பிரேசிலை எதிர்த்து ருமேனியா 3-2 என்று போராடித் தோற்றதே, அன்று கேப்டன் இவர்தான். அப்போது வயது 24. நாட்டின் கேப்டனாகிற அளவுக்கு விளையாடியவர் படிப்பையும் விடவில்லை. புக்கரெஸ்ட் பொருளாதாரக் கல்விக்கழகத்தில் பட்டம் வாங்கினார். உங்கள் மகனின் பி.காமுக்குப் பெரியண்ணன் போன்ற படிப்புதான். "பந்தா, படிப்பா" என்று வீட்டில் நடக்கும் சண்டையில் இரண்டு பேருக்கும் நான் சொல்ல நினைப்பது இதுதான். ஒன்றை விட்டால்தான் மற்றது என்று யாரும் விதிக்கவில்லை.

சரி, அவர் கோச் ஆனது எப்படி? நீங்கள் நினைப்பதுபோலப் பூட்ஸைக் கழற்றிவிட்டு நேராகப் பெரிய அணிக்குப் போகவில்லை. 1977-ல் தலைநகரை விட்டு ஹுனெடோரா என்ற ஊருக்குப் போனார். டிரான்சில்வேனியாவில் இருக்கும் இரும்பாலை ஊர். அங்கே கோர்வினுல் என்ற சின்ன அணி. 1979-ல் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய நேரத்தில், ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் ஒரே ஆளாகப் பொறுப்பேற்றார். விலை கொடுத்து ஆள் வாங்கும் வசதியுள்ள அணி இல்லை. கையில் இருந்த இளம் பையன்களை வைத்தே கட்டினார். ரெட்னிக், அந்தோனே, கிளைன், கபோர் என்று அங்கே வளர்ந்த பெயர்களை ருமேனிய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். அவர்களில் ரொமுலஸ் கபோர் 1981-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வாங்கினார். இரும்பாலை ஊரிலிருந்து போன பையன் அம்மா! கோர்வினுல் அடுத்த ஆண்டே உடனடியாக முதல் பிரிவுக்கு ஏறி, 1981-82 பருவத்தில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்குள் தேசிய அணியும் அவரைத் தேடி வந்துவிட்டது. அவர் தலைமையில் 1983-ல் புக்கரெஸ்டில் உலகச் சாம்பியன் இத்தாலியை 1-0 என்று வென்று, 1984 ஐரோப்பியக் கோப்பைக்குப் போனது ருமேனியா.

ஹுனெடோராவைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. கோச் வேலையைக் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். யாரும் பெரிதாகக் கவனிக்காத ஊர், சாதாரண மைதானம், சொன்னதைக் கேட்கும் பத்துப் பதினைந்து பையன்கள். தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

பையன்களை அடையாளம் காணும் கண் அவருக்குக் கடைசி வரை கைகொடுத்தது. பின்னாளில் ருமேனியாவின் மிகப் பெரிய ஆட்டக்காரரான கியோர்கே ஹாஜியை 18 வயதில் தேசிய அணியில் இறக்கியவர் இவர். இத்தாலியில் பிரேஷா அணியில் இருந்தபோது ஆந்திரேயா பிர்லோ என்ற பையனைப் பெரியவர்கள் அணிக்குக் கொண்டுவந்தார். 1995-ல் முதல் டிவிஷன் ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கியபோது அவனுக்கு 16 வயது முடிந்து இரண்டே நாள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபரில், உக்ரைனின் கீவ் நகரில், ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். ஒரு பக்கம் இத்தாலியின் யுவென்டஸ் அணிக்குக் கோச்சாகப் பிர்லோ, எதிர்ப்பக்கம் டினமோ கீவின் கோச்சாக 75 வயது லுச்செஸ்கு. பிர்லோவின் அணி 2-0 என்று வென்றது. ஓர் ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் நியாயமானது, அதை மூடி மறைக்க மாட்டேன். இந்த வேலையில் நிலைத்தன்மை குறைவு. லுச்செஸ்குவுக்கே இத்தாலியின் பிசா அணியில் ஒரு பருவம் முழுதாக நிற்கவில்லை. பிரேஷாவை மேலே ஏற்றினார், கீழே இறங்கியது, மறுபடி ஏற்றினார், மறுபடி இறங்கியது. இன்டர் மிலானில் 1998 டிசம்பரில் சேர்ந்து அடுத்த மார்ச்சில் வெளியே வந்தார், நாலே மாதம். துருக்கி தேசிய அணியிலும் முடிவு நன்றாக அமையவில்லை. இத்தனைக்கும் நடுவில்தான் துருக்கியின் கலாட்டாசரே அணியோடு ஐரோப்பிய சூப்பர் கோப்பை, பெஷிக்டாஷோடு துருக்கி லீக், அப்புறம் உக்ரைனின் ஷக்தார் டோனெட்ஸ்கில் 12 ஆண்டுகள்.

ஷக்தார் காலத்தைத் தம்பி தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். பிரேசிலிலிருந்து இருபது வயதுப் பையன்களைக் கொண்டுவந்து, உக்ரைன் குளிரில் பழக்கி, அவர்களோடு போர்ச்சுகீசில் பேசி வளர்த்தார். ஃபெர்னாந்தின்யோ, வில்லியன், டக்ளஸ் கோஸ்டா எல்லாம் அந்த வழியில் போனவர்கள். 8 லீக் பட்டங்கள். 2009-ல் இஸ்தான்புல்லில் வெர்டர் ப்ரேமனைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று யூஏஃபா கோப்பை. 2014-ல் போர் வந்தது. சொந்த மைதானத்தை விட்டுவிட்டு, நாட்டின் மறுகோடியில் சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளியிருந்த லிவிவ் நகரத்தைச் சொந்த ஊராக வைத்து ஆட வேண்டிய நிலை. அணி கலைந்துவிடும் என்று பார்த்தால், 2016-ல் யூரோப்பா லீக் அரையிறுதி வரை கொண்டுபோனார். மொழி, மனிதர்களைப் புரிந்துகொள்வது, கணக்கு, பொறுமை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் தொழில்.

நன்றாக ஆடினால் நன்றாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஹாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். ருமேனியா கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர். 2001-ல் நேராகத் தேசிய அணிக்கே கோச் ஆனார், உலகக் கோப்பைக்குத் தகுதி பெற முடியாமல் சில மாதங்களில் விலகினார். பிறகு பர்சாஸ்போர், கலாட்டாசரே, திமிஷோரா, ஸ்டெயாவா என்று துருக்கியிலும் ருமேனியாவிலும் அணி அணியாகப் போனார், எங்கும் இரண்டு ஆண்டு நிலைக்கவில்லை. 2009-ல் ருமேனியாவின் கான்ஸ்டன்சா நகருக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கால்பந்துப் பள்ளி தொடங்கினார், கூடவே வீட்டோருல் என்ற அணியும். அந்தப் பெயருக்கு 'எதிர்காலம்' என்று பொருள். பெரும்பாலும் தன் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே 2016-17-ல் ருமேனிய லீக்கை வென்றார். சின்னப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கிய பிறகுதான் அந்த வேலை அவருக்குக் கைவந்தது. லுச்செஸ்குவுக்கு ஹுனெடோரா கொடுத்ததை, ஹாஜி தானே ஓர் இடம் கட்டித் தேடிக்கொண்டார் என்றுதான் நான் பார்க்கிறேன்.

இப்போது தம்பிக்கு. பி.காமை முடித்துவிடு. இதில் என்னிடம் மறுபேச்சு இல்லை. பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் டிப்ளமோவுக்குப் பொதுவாகப் பட்டம் கேட்கிறார்கள். அதைவிட முக்கியம், ஆரம்பத்தில் பள்ளிகளும் அகாடமிகளும் கொடுக்கும் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது சிரமம். இடையில் ஒரு வேலை போனால் கையில் இன்னொரு பிடி வேண்டும். கோச் லைசென்ஸ் தனி வழி. இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி லைசென்ஸில் தொடங்கி, ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, கடைசியில் புரோ என்று படிப்படியாக ஏற வேண்டும். விண்ணப்பிக்கும் முன் சம்மேளனத்தின் அப்போதைய விதிகளைப் படித்துப் பார்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. சனி, ஞாயிறு காலையில் உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து ஆறு மாதம் சொல்லிக்கொடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கு. வந்தானா, எந்தக் கால், எதில் தடுமாறுகிறான், நீ என்ன சொன்னபோது சரியானது என்று எழுது. மழை நாளிலும், செமஸ்டர் நேரத்திலும், யாருமே கவனிக்காதபோதும் உனக்குப் போகத் தோன்றுகிறதா என்று பார்ப்போம்.

அம்மா, அந்த ஆறு மாதமும் அவனைத் தடுக்காதீர்கள், புகழவும் வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் காலையில் மைதானத்து ஓரமாகப் போய்ப் பாருங்கள். அவன் பந்தை வைத்து என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டாம், ஆடத் தெரியாத பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறான் என்று மட்டும் பாருங்கள். செமஸ்டர் முடிந்ததும் இரண்டு பேரும் வாருங்கள். நோட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். பதினொரு புள்ளி வைத்த ஜெராக்ஸ் தாள் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.