தண்டவாளத்துப் பக்கம்

அன்புள்ள ஐயா,

சஸ்கட்டூனில் முதுகலை படிக்கிறேன். கனடியச் சமவெளியில் ரயில் பாதையோரம் நிற்கும் பழைய மர எலிவேட்டர்கள், அதாவது தானியக் கிடங்குகள் பற்றி உங்கள் தளத்தில் வந்த குறிப்பைப் படித்ததிலிருந்து, விடுமுறை நாள் என்றால் நண்பனின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். கோதுமை வயல்களுக்கு அப்பால் அந்தத் தானியக் கிடங்கின் கூம்பு தெரிந்ததுமே வண்டியை ஓரங்கட்டிவிடுவேன். ஆனால் அறைக்குத் திரும்பிப் பார்த்தால் எல்லாப் படங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பெரிய வானம், நடுவில் ஒரு கட்டடம், கீழே கொஞ்சம் புல். இதே படம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. சிலவற்றை இணைத்திருக்கிறேன். எங்கே தவறுகிறேன்? இடிந்துகொண்டிருப்பதைத் தேடிப்போய் எடுப்பதில் ஒரு கூச்சமும் இருக்கிறது. இவற்றைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதுதான் முறை என்கிறான் நண்பன். உங்கள் கருத்து என்ன?

எம்.

அன்புள்ள எம்,

படங்களைப் பார்த்தேன். வெளிச்சம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கிறது. என் குறையெல்லாம், ஒரு படத்தில்கூடத் தண்டவாளம் இல்லை என்பதுதான். எல்லாமே நெடுஞ்சாலையில், காரை நிறுத்திய இடத்தில் நின்று எடுத்தவை. எலிவேட்டரைச் சாலையில் போகிறவர்கள் பார்ப்பதற்காகக் கட்டவில்லை. ஒரு பக்கம் விவசாயியின் வண்டி, மறுபக்கம் ரயில், நடுவில் தானியத்தைக் கைமாற்றிவிடும் இயந்திரம். ரயிலை நீக்கிவிட்டால் மிஞ்சுவது உயரமான ஒரு மரப்பெட்டி. மரப்பெட்டிகள் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

உள்ளே நடப்பது நமக்குப் புதிதல்ல. நம் ஊர் ரைஸ் மில்லில் நெல்லை மேலே கொண்டுபோகும் பெல்ட்டையும் அதில் கோத்த தகர வாளிகளையும் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடுதான், ஏழெட்டு மாடி உயரத்துக்கு. வண்டி சரிவில் ஏறி உள்ளே வந்து எடைமேடையில் நிற்கும். தானியம் தரையில் இருக்கும் கம்பித் தட்டி வழியே குழிக்குள் விழும். வாளிகள் அதை உச்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டும். கீழே நிற்கும் தானியக் கம்பெனி ஏஜென்ட் ஒரு சக்கரத்தைத் திருப்பி, அது எந்த அறைக்குள் இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வார். ரயில்பெட்டி வந்து நின்றதும் வெளிச்சுவரில் இருக்கும் குழாய் வழியே தானியம் பெட்டிக்குள் இறங்கும். அந்தக் குழாய் இருப்பது தண்டவாளத்துப் பக்கச் சுவரில். நீங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

இரண்டு படங்களில் ஓரத்தில் நிற்கும் சிறு கட்டடத்தைப் பாதியில் வெட்டியிருக்கிறீர்கள். அது ஏஜென்ட்டின் அலுவலகம். என்ஜினும் அங்கேதான் இருந்தது. தானியத் தூசியில் ஒரு பொறி விழுந்தால் போதும், வெடித்துவிடும். அதனால் என்ஜினைத் தள்ளி வைத்து, விசையை மட்டும் எலிவேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அடுத்த முறை சுவரின் மேல் அடித்த தகரம் பெயர்ந்திருப்பது கண்ணில் பட்டால் நீண்ட லென்ஸைப் போட்டு உற்றுப் பாருங்கள். சுவர் என்று நாம் நினைப்பது, பலகைகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அறைந்தது. கோதுமையின் பாரம் அடியில்தான் அதிகம் தள்ளும் என்பதால் கீழே அகலமான பலகை, மேலே போகப்போக ஒடுங்கிய பலகை. இந்த ஓர் அடுக்கைக் காட்டும் படம், பத்து அந்திவானப் படங்களைவிட எனக்கு உயர்ந்தது.

இனி ரயில். குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிப்போகிறவன் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். அதற்குத் தோதாக எட்டு, பத்து மைலுக்கு ஒரு நிறுத்தம், அங்கே ஒன்றோ ஐந்தோ எலிவேட்டர்கள், அவற்றைச் சுற்றி ஓர் ஊர். உங்கள் ஊருக்குத் தென்கிழக்கே பழைய கிராண்ட் டிரங்க் பசிபிக் பாதையில் போய்ப் பாருங்கள். ஊர்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா என்று கடைசி எழுத்து வரை வந்து, அங்கிருந்து ஆலன், பிராட்வெல், கிளாவெட் என்று மறுபடி முதலிலிருந்து. மனிதர்கள் வந்து ஊர் ஆகவில்லை; ரயில் கம்பெனி புள்ளி வைத்த இடத்தில் மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள். 1930களில் சமவெளியின் மூன்று மாகாணங்களிலும் (ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா) சேர்த்து 5,700க்கும் மேல் எலிவேட்டர்கள் நின்றன.

அவற்றைச் சாய்த்ததும் ரயில்தான். 1897இல் கனடிய அரசு கனடியன் பசிபிக் ரயில்வேயுடன் ஓர் ஒப்பந்தம் போட்டு, தானியத்துக்குக் குறைந்த கட்டணத்தை நிர்ணயித்தது. குரோ கட்டணம் என்பார்கள். அதன் வழிவந்த மானியம் 1995இல் நின்றது. கிளைப்பாதைகளைக் கைவிடும் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பிறகு வேகம் பிடித்தது. பிரதான பாதையோரம் கான்கிரீட் கிடங்குகள் எழுந்தன. நூறு பெட்டி ரயில் அங்கே நிற்கும், லாரிகள் தொலைதூரத்திலிருந்து அங்கே போகும். மரக் கட்டடங்களை நிறுவனங்களே இடித்தன. சும்மா நிற்பதற்கும் வரி கட்டவேண்டும், தீ பிடித்தால் பொறுப்பும் ஏற்கவேண்டும் அல்லவா. சஸ்காச்சுவானின் பிளெமிங் ஊரில் 1895இல் கட்டிய எலிவேட்டரை ஊர்க்காரர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 2010 பிப்ரவரியில் யாரோ கொளுத்திவிட்டார்கள்.

உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. இடிபாட்டை மட்டுமே தேடிப் போனால் கூச்சப்பட வேண்டியதுதான். எல்லாம் முடிந்துவிட்டது என்ற முடிவோடு போகாதீர்கள் என்கிறேன். தெற்கு சஸ்காச்சுவானில் அசினிபோயாவிலிருந்து ஷானவன் வரை 13ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, பெரிய கம்பெனி வேண்டாம் என்று விட்ட பாதைகளில் ஓடுகிறது. அந்தப் பாதைகளை நம்பியிருந்த விவசாயிகளும் உள்ளூர்க்காரர்களுமே பிறகு அந்த ரயில்வேயை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தில் விவசாயிகள் தாங்களே ரயில்பெட்டி கேட்டு வாங்கித் தானியம் ஏற்றுகிறார்கள். அந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1902இல் சின்டலூட்டா நிலையத்தில் பெட்டிகளை வரிசைப்படி ஒதுக்கவில்லை என்று ரயில்வே ஏஜென்ட்டை அன்றைய விவசாயிகள் நீதிமன்றத்துக்கு இழுத்து வென்றார்கள். அறுவடைக் காலத்தில் போய், பெட்டிக்குள் தானியம் கொட்டுவதையும் எழும் தூசியையும் எடுங்கள். அனுமதி கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். காபியும் கிடைக்கலாம்.

தண்டவாளத்துப் பக்கம் போங்கள் என்றேனே தவிர, தண்டவாளத்தின் மேல் நிற்கச் சொல்லவில்லை. அது சட்டப்படி குற்றம். சாலை குறுக்கிடும் கேட்டுக்கு வெளியே நின்றாலே பாதையும் எலிவேட்டரும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்ட ஊர்களில் மண்மேடு இருக்கும். புல்லின் நிறம் அங்கே மட்டும் மாறியிருக்கும். கைவிட்ட கட்டடத்துக்குள் தயவுசெய்து நுழையாதீர்கள். மக்கிய தரைக்கு அடியில் அந்தக் குழி இன்னும் இருக்கிறது. உள்ளே பார்த்தே ஆகவேண்டும் என்றால் மனிடோபாவின் இங்லிஸுக்குப் போங்கள். 1922க்கும் 1941க்கும் இடையில் கட்டிய ஐந்து எலிவேட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. தேசிய வரலாற்றுச் சின்னம். ஜூன் மாதமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அட்சரேகையில் அப்போது சூரியன் நன்றாக வடமேற்கே போய் மறைவதால், குளிர்காலம் முழுக்க நிழலிலேயே கிடக்கும் வடக்குச் சுவருக்கும் மாலையில் வெயில் கிடைக்கும்.

எல்லாம் ஒன்றுபோல இருப்பது பற்றி: அதையே முறையாகக் கொண்டவர்களும் உண்டு. ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெச்சர் தம்பதி மேகம் மூடிய வெளிச்சத்தில், நேரெதிரே நின்று, தொழிற்சாலைக் கட்டடங்களை எடுத்து அருகருகே அடுக்கினார்கள். அடுக்கிய பிறகுதான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படுகிறது. நீங்களும் படங்களை ஊர்வாரியாக, பாதை போகும் வரிசையில் அடுக்கிப் பாருங்கள்.

அவர்கள் எடுத்தது கறுப்பு வெள்ளையில். உங்கள் நண்பர் அதைச் சொல்லி வாதாடுவார். சமவெளியில் நான் அதை ஒப்பமாட்டேன். இங்கே நிறம்தான் முகவரி. ஆரஞ்சுச் சுவரும் மஞ்சள் கூரையும் தூரத்தில் தெரிந்தாலே பைனியர் என்ற தானியக் கம்பெனியுடையது என்று சொல்லிவிடலாம். 1972இல், மாகாணத்துக்கு ஒன்றாக இருந்த விவசாயிகளின் மூன்று கோதுமைக் கூட்டுறவுகளும் பெடரல் என்ற இன்னொரு தானியக் கம்பெனியின் எலிவேட்டர்களை வாங்கித் தங்கள் பெயரை மேலே எழுதிக்கொண்டன. சில சுவர்களில் மேல்பூச்சு உதிர்ந்து, பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரத்தில் இரண்டையும் படிக்க முடியும், நிறமும் துணைக்கு இருந்தால். அப்படி ஒன்று கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள்.