குதிரைக்கும் கழுதைக்கும் குடற்புழு மருந்து: எதை, எப்போது, எவ்வளவு?

கேள்வி: என்னிடம் ஒரு பெட்டைக் குதிரை, அதன் மூன்று மாதக் குட்டி, ஒரு கழுதை இருக்கின்றன. மூன்றும் ஒரே இடத்தில்தான் மேய்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் ஐவர்மெக்டின் பேஸ்ட் கொடுக்கிறேன். இருந்தும் குட்டிக்கு வயிறு உப்பியிருக்கிறது, முடியில் பளபளப்பு இல்லை, உடம்பு தேறவே இல்லை. தாய்க்கும் கழுதைக்கும் ஒரு குறையும் இல்லை. லத்தியில் புழு எதுவும் கண்ணில் படவில்லை. மருந்தை மாற்றுவதா, இன்னும் அடிக்கடி கொடுப்பதா?

பதில்: அடிக்கடி கொடுக்க வேண்டாம். குட்டிக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், ஆனால் கால்நடை மருத்துவர் அதைப் பார்த்த பிறகுதான்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பாராஸ்காரிஸ் என்ற உருண்டைப்புழு. பெரிய குதிரைகளை அது அவ்வளவாக அண்டாது, எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், குட்டிகளைத்தான் படுத்தும். வயிற்றுக்குள் போன முட்டையிலிருந்து வரும் இளம்புழு கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கு வருகிறது. அங்கே 50 செ.மீ. வரைகூட வளரும். இந்தப் புழுவிடம் ஐவர்மெக்டின் பல நாடுகளில் தோற்றுப்போய்விட்டது. குட்டிகளுக்கு இரண்டு, மூன்று மாத வயதில் தரும் முதல் மருந்தாக ஃபென்பெண்டசோல் வகையைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

அதற்காக இன்றே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். குடல் நிறையப் புழு இருக்கும் குட்டிக்கு மருந்து கொடுத்தால், செயலிழந்த புழுக்கள் ஒரே நேரத்தில் சுருண்டு சிறுகுடலை அடைத்துவிடலாம். புழுவைச் சட்டென்று முடக்கும் மருந்துகளில் இந்த ஆபத்து அதிகம். மெதுவாக வேலை செய்யும் ஃபென்பெண்டசோலில் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மருத்துவர் ஸ்கேனில் புழுச்சுமையைப் பார்த்து முடிவு செய்யட்டும். மருந்து கொடுத்தபின் குட்டி தரையில் புரண்டாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாக்சிடெக்டின் என்ற புழு மருந்தைச் சிறு குட்டிகள் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

லத்தியில் புழு தெரியவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வளர்ந்த புழு குடலுக்குள்தான் இருக்கும், வெளியே வருவது முட்டை. அதை எண்ணும் சோதனை எளிமையானது: 4 கிராம் லத்தியை 26 மி.லி. உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டி, கட்டம் போட்ட கண்ணாடி அறைகளில் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து வரும். இரண்டு அறைகளில் எண்ணியதை 25 ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று கிடைக்கும். மெல்லிய ஓடும் நீள்வட்ட வடிவமும் இருந்தால் ஸ்ட்ராங்கைல் என்ற குடற்புழு வகை, அதில் பெரியது, சிறியது என இரண்டு உண்டு. உருண்டையாக, தடித்த பழுப்பு ஓட்டோடு இருந்தால் பாராஸ்காரிஸ். லத்தி சூடு ஆறுவதற்குள் இரண்டு மூன்று உருண்டைகளைப் பையில் போட்டு, காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, குளிர்ச்சியாக வைத்து அனுப்புங்கள். வெயிலில் கிடந்த லத்தியில் முட்டை பொரிந்துவிடும், எண்ணிக்கை பொய் சொல்லும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பாராஸ்காரிஸ் முட்டையிடத் தொடங்கவே 10 முதல் 12 வாரம் ஆகும், அதனால் உங்கள் குட்டியின் முடிவு பூஜ்யமாக வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. குடல் சுவருக்குள் பதுங்கியிருக்கும் சிறு ஸ்ட்ராங்கைல் இளம்புழுக்களையும் இது காட்டாது, நாடாப்புழுவையும் பெரும்பாலும் தவறவிடும்.

இரண்டு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1966-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் ட்ரட்ஜ், லயன்ஸ் என்ற இருவர் பெரிய ஸ்ட்ராங்கைலை ஒழிக்கச் சொன்ன திட்டம் அது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியைக் கெடுத்து உயிரையே வாங்கும் புழு அது. திட்டம் நன்றாகவே பலித்தது. ஆனால் இன்று எங்கும் நிறைந்திருப்பது சிறு ஸ்ட்ராங்கைல். காலண்டரைப் பார்த்து மருந்து கொடுக்கக் கொடுக்க, மருந்துக்கு அசராத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. ஒரு மந்தையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குதிரைதான் மொத்த முட்டையில் ஐந்தில் நான்கு பங்கை இறைக்கிறது என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் ஊற்றுவதில் அர்த்தமும் இல்லை.

ஆகவே தாய்க்கும் கழுதைக்கும் முதலில் முட்டையை எண்ணிப் பாருங்கள். வளர்ந்த குதிரைக்குக் கிராமுக்கு 200 முட்டைக்குக் கீழே இருந்தால் பொதுவாக அப்போதைக்கு மருந்து வேண்டாம். அதற்காக வருடம் முழுக்கச் சும்மா விட்டுவிடவும் கூடாது. பெரிய ஸ்ட்ராங்கைலுக்கும் நாடாப்புழுவுக்குமாக ஓரிரு முறை தேவைப்படும், நாடாப்புழு என்றால் பிராசிகுவாண்டெல் சேர்ந்த மருந்து. கொடுத்த 14-ஆம் நாள் மறுபடி எண்ணுங்கள். 800 இருந்தது பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சரி. 300-ல் நின்றால் அந்த மருந்து உங்கள் இடத்தில் செல்லாது.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐவர்மெக்டின் அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 400 கிலோ குதிரையை 300 என்று நினைத்து சிரிஞ்சைத் திருகினால் அதற்குக் கிடைப்பது கிலோவுக்கு 150 மைக்ரோகிராம்தான். நெஞ்சுச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் செ.மீ.-ல் அளந்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் வளர்ந்த குதிரையின் எடை கிலோவில் வரும். குட்டிக்கோ கழுதைக்கோ இது பொருந்தாது. கழுதைக்கென்று தனி எடை அட்டவணை உண்டு. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள், ஊசி போட்ட இடத்தில் கடுமையான பாதிப்பு வந்ததுண்டு. கீழே சிந்திய பேஸ்ட்டை நாய் நக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், கோலி (collie) போன்ற நாய் இனங்களுக்கு அது விஷம்.

கழுதைக்குக் குறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கழுதை வலியை வெளியே காட்டாத பிராணி. உடம்பில் எத்தனை புழு இருந்தாலும் சாதாரணமாகவே நிற்கும். நுரையீரல் புழு அதனிடம் இருமல்கூட இல்லாமல் குடியிருந்து, கூட மேயும் குதிரையைத்தான் இரும வைக்கும். குதிரையின் லத்தியில் அது பெரும்பாலும் தெரியாது, அதனால் கழுதையின் விட்டையில் அதற்கென்று உள்ள இளம்புழுச் சோதனையைக் கேளுங்கள். கழுதை தீனியைக் குறைத்தால் அது அவசரம். பட்டினியில் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

மேய்ச்சல் நிலத்தில் வாரத்துக்கு இருமுறை லத்தியை அள்ளுவது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல. அள்ளியதைக் குவித்து நன்றாகச் சூடேற மக்கவிடுங்கள், ஈரக் காலத்தில் நிலத்தில் இழுத்துப் பரப்பிவிடாதீர்கள். தீவனத்தைத் தரையில் போடாதீர்கள். பாராஸ்காரிஸ் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் தாங்கும், எனவே முடிந்தால் அடுத்த குட்டியை இதே இடத்தில் வளர்க்க வேண்டாம். புதிதாகக் குதிரையோ கழுதையோ வாங்கினால் தனியாகக் கட்டி, மருந்து கொடுத்து, 14-ஆம் நாள் எண்ணிக்கை வந்த பிறகே மற்றவற்றோடு மேய விடுங்கள்.