தந்தியை இறக்கிச் சுருதி சேர்த்தல்: கிதார் கேள்வி பதில்

கேள்வி: வழக்கமான ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ அமைப்பில் ஓரளவு வாசிக்கிறேன், ஐயா. வேறு ட்யூனிங்குகளை எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: டிராப் டி-யிலிருந்து தொடங்குங்கள். மிகத் தடித்த ஆறாவது தந்தியை மட்டும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கி, நான்காவது தந்தியோடு சேர்த்து மீட்டுங்கள்; ஒலி அலையாமல் நின்றால் சுருதி சேர்ந்துவிட்டது. இனி டி கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) ஆறு தந்திகளையும் ஒலிக்க விடலாம். ஜி கார்டுக்கு ஆறாவது தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியை) விட்டு ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்த வேண்டும்.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கற்றவள். கிதாரில் ராகங்களை வாசிக்க எது ஒத்துவரும்?

பதில்: டி-ஏ-டி-ஜி-ஏ-டி அமைப்பையே தயங்காமல் சொல்வேன். ஆறாவது, இரண்டாவது, முதலாவது தந்திகளை ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) இறக்கினால் போதும். டி-யை ஷட்ஜமமாகக் கொண்டால் தந்திகள் ச-ப-ச-ம-ப-ச என்று நிற்கும். நம் வயலினின் ச-ப-ச-ப அமைப்புக்கு இது மிக நெருக்கமானது. திறந்த தந்தி எதிலும் காந்தாரம் இல்லாததால், சங்கராபரணத்தின் அந்தர காந்தாரத்தையும் கரஹரப்பிரியாவின் சாதாரண காந்தாரத்தையும் அதே தந்திகளின் மேல் வாசிக்கலாம். இங்கிலாந்தின் கிதார் கலைஞர் டேவி கிரஹாம் 1960-களின் தொடக்கத்தில் மொராக்கோவில் ஊத் (oud) என்னும் அரபுத் தந்தி வாத்தியக்காரர்களைக் கேட்ட பிறகு, அந்தத் தந்தி வாத்தியத்தோடு இணைந்து வாசிப்பதற்காக இதைக் கைக்கொண்டார் என்பதும் பொருத்தமாகவே இருக்கிறது. கல்யாணி வாசிக்கும்போது மட்டும் மூன்றாவது தந்தி திறந்து ஒலித்தால் சுத்த மத்யமம் ராகத்தையே கெடுத்துவிடும். அதை அரை ஸ்வரம் இறக்கி அந்தர காந்தாரமாக்கிக்கொள்ளுங்கள். அதுவே ஓப்பன் டி, அதாவது தந்திகளை அழுத்தாமலே டி கார்டு ஒலிக்கும் அமைப்பு.

கேள்வி: ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஓப்பன் ஜி-யில் ஐந்து தந்திகளோடு வாசிப்பது ஏன்?

பதில்: ஓப்பன் ஜி-யில் ஆறாவது தந்தி டி ஆகிறது. அதைக் கழற்றிவிட்டால் ஜி-டி-ஜி-பி-டி மிஞ்சும், கார்டின் மூல ஸ்வரமே அடியில் ஒலிக்கும். ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரே விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் சி, ஏழாவதில் டி.

கேள்வி: இறக்கிய தந்தி ஃப்ரெட்டில் உரசி இரைகிறது, சுருதியும் நிற்பதில்லை. என்ன செய்வது?

பதில்: முழு ஸ்வரம் இறக்கும்போது தந்தியின் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், தளர்ந்த தந்தி அகலமாக அதிர்ந்து ஃப்ரெட்டைத் தொடுகிறது. எனவே சற்றுத் தடித்த தந்திகளைக் கட்டுங்கள். சுருதி சேர்க்கும்போது வேண்டிய ஸ்வரத்துக்குக் கீழே இறக்கி, பிறகு மேல்நோக்கித் திருகி வந்து நிறுத்துங்கள். அப்போதுதான் திருகியின் பற்சக்கரத்தில் தளர்ச்சி மிஞ்சாது. திருகும்போது 'டிங்' என்ற ஓசை எழுந்தால் தந்தி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் பட்டையின்) பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். அங்கே பென்சில் கரியைத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: ஓப்பன் ஈ-க்குத் தந்திகளை ஏற்றலாமா?

பதில்: அக்கூஸ்டிக் கிதாரில் வேண்டாம். மூன்று தந்திகளை ஏற்றுவதால் கழுத்திலும் பிரிட்ஜிலும் பாரம் கூடுகிறது. ஓப்பன் டி-யில் சேர்த்து, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் அதே ஸ்வரங்கள் கிடைக்கும்.